ஒன்றுமில்லை என்ற சொல்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில், என் வாயிலிருந்து அதிகமாகப் புறப்பட்ட சொல் எது என்று யாரேனும் கேட்டால், ஒரு கணமும் யோசியாமல் ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்தான் என்று பதில் கூறுவேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரின் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள்” என்று சொல்லி அனுப்பும்போது, நல்ல சமாசாரம் ஒன்றைக் கொடுத்தோம் என்ற திருப்தி எனக்கு உண்டாகும். அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து போனவர்களில் பலர், தம் துன்பத்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் இடமே கிடையாது என்று எண்ணிக்கொண்டு போனார்கள் என்பதை நான் அறிந்துகொள்ள ஒரு மனிதரின் உயிர் விலையாயிற்று.

1991-இல் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது ஈரோட்டுக்கு அருகே, காவிரிக் கரையை ஒட்டிய ஒரு விசைத்தறி ஊரில். பஸ்ஸை விட்டு இறங்கியவுடனே தறிச் சத்தம் வந்து காதை நிரப்பும். பகலுக்கு ஓர் ஆளும் இரவுக்கு ஓர் ஆளுமாகப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு மாறி மாறி ஓடும்; கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வருஷக்கணக்கில் தீராமல் நின்று, ஆளை அதே பட்டறையில் கட்டிப் போட்டிருக்கும். அவ்வூர் ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். சத்தத்துக்கு நடுவே வாழ்ந்து பழகியவர்களாதலால் எல்லாவற்றையும் உரக்கப் பேசுவார்கள். தம்மைப் பற்றி மட்டும் மிகவும் குறைவாகப் பேசுவார்கள். மதியத்துக்குள் நூற்றைம்பது, இருநூறு சீட்டுகளைப் பார்த்து முடிக்க வேண்டியிருந்த எனக்கு, அந்தக் குறைந்த பேச்சு அன்று சௌகரியமாகவே இருந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு மாதத்துக்குள் ஐந்து முறை வந்தார். முதல் முறை நெஞ்சுப் படபடப்பு. அடுத்த முறை வயிற்றைப் பிசைகிறது, கேஸ் டிரபிள். பிறகு கை கால் குடைச்சல். பிறகு மண்டை கனம், தூக்கமில்லை. கடைசியில் மீண்டும் நெஞ்சு. ஒவ்வொரு முறையும் அந்தந்த அவயவத்துக்குரிய மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். ஒரு முறை அவர் கேட்டதற்கிணங்கச் சத்து ஊசியும் போட்டேன். ஐந்தாம் முறை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னபோது, எழுந்து போனவர் கதவருகில் நின்று திரும்பி, “அப்ப ஒண்ணுமில்லீங்களா?” என்று கேட்டார். அடுத்த சீட்டு மேஜைக்கு வந்துவிட்டது. “ஒண்ணுமில்லை, போங்க” என்றேன். இருபது நாட்களுக்குள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவர் மனைவி சில வாரங்கள் கழித்து வந்தார். குற்றம் சாட்டுவார் என்று எதிர்பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ ஒரு மஞ்சள் பையிலிருந்து, நான்காக மடித்து வைத்திருந்த ஐந்து ஓ.பி. சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் பிரித்து வைத்தார். “அஞ்சு வாட்டி வந்தாருங்க. அவருக்கு என்ன சீக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க” என்றார். ஐந்து சீட்டுகளிலும் என் கையெழுத்து இருந்தது. மருந்தின் பெயர்கள் இருந்தன. வியாதியின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

அந்த வருஷம் முதல், லீவு நாட்களில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போய், மனநல மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கவனிக்கலானேன். மருத்துவக் கல்லூரியில் இப்பகுதியை நாங்கள் படித்ததெல்லாம் இரண்டு வாரப் பயிற்சி மட்டுமே. மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டிருக்கும் ஒரு ஸ்திரீயின் சித்திரமே எங்கள் மனத்தில் பதிந்திருந்தது. அந்தச் சித்திரத்தில் பொருந்தாதவரை நாங்கள் அடையாளம் காணவில்லை. ஆணுக்கு வரும் மனச்சோர்வு பெரும்பாலும் வேறு வேஷம் தரித்து வருகிறது. அது முன்கோபமாக வருகிறது, நீண்ட நேர வேலையாக வருகிறது, வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடப்பதாகவும் வருகிறது, குடியாக வருகிறது, யாவற்றுக்கும் மேலாக உடம்பின் வலியாக வருகிறது. ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல நாணும் மனிதன் ‘இடுப்பு சரியில்லை’ என்று சொல்ல நாணுவதில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வலி உண்மையான வலியே. சோர்வுற்ற மனம் தூக்கத்தையும் பசியையும் தசைகளையும் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

வாலிபர்களிடம் இது இன்னொரு வடிவமும் எடுக்கும். ‘தாது நஷ்டமாகிறது, அதனால் உடம்பு மெலிகிறது, நரம்பு தளர்கிறது’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் இளைஞர்கள் எங்கள் ஊர்களில் அநேகர். என். என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் இந்த நிலைக்கு ‘தாத்’ நோய்க்குறித் தொகுதி என்று 1960-லேயே பெயரிட்டு எழுதினார். அந்த இளைஞர்களைக் கூர்ந்து விசாரித்தால், பலரிடம் தூக்கமின்மையும் பயமும் சோர்வும் அடியில் கிடப்பதைக் காணலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட அவர்களை, சுவரொட்டி ஒட்டி லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் போலி வைத்தியர், ‘உனக்குப் பெரிய வியாதி இருக்கிறது’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பறித்துக்கொள்கிறார். அவரிடம் போனவனுக்குத் தன் துன்பம் உண்மைதான் என்ற அங்கீகாரமாவது கிடைத்தது. நாங்கள் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று என்பதைப் பிற்பாடு அறிந்தேன். ஸ்வீடனைச் சேர்ந்த கோட்லாந்து என்ற பால்டிக் கடல் தீவில், 1983, 1984 ஆண்டுகளில், பொது மருத்துவர்கள் அனைவருக்கும் மனச்சோர்வைக் கண்டறிந்து சிகிச்சை செய்யும் பயிற்சி அளித்தார்கள். அதன் பின் தீவில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. வுல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, குறைவு பெண்களிடத்தே ஏற்பட்டிருந்தது. ஆண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றது. பெண்கள் வந்தார்கள், சொன்னார்கள், சிகிச்சை பெற்றார்கள். ஆண்கள் வரவில்லை, வந்தாலும் துக்கத்தைச் சொல்லவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் எரிச்சல், கோபம், குடி, பரபரப்பு ஆகியவற்றைக் கேட்கும் தனி வினாப்பட்டியல் ஆண்களுக்கென அங்கே உருவாயிற்று. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கு மேற்பட்டோர் ஆண்கள். மொத்தத்தில் நாலில் ஒருவர் தினக்கூலி. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம், கதவருகில் நின்று திரும்பிப் பார்த்த அந்த முகத்தையே நான் காண்கிறேன்.

ஆகையால் கேட்பதற்குக் கற்றுக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் ஒருவரைப் பார்த்து அனுப்ப வேண்டிய இடத்தில் கேட்பதற்கு ஏது நேரம் என்று இளைய மருத்துவர்கள் வினவுவதுண்டு. ரத்த அழுத்தத்தை ஒழுங்காகப் பார்க்கச் செலவாகும் நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி, மெல்ல இறக்கும்போது, நோயாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருவர் கண்ணும் பாதரச அளவில் இருக்கும். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்லாத ஆண், தன் முழங்கையைப் பிடித்திருக்கும் மனிதனுக்குப் பதில் சொல்கிறான். பட்டையை மாட்டியவுடன் வாய் திறக்க மாட்டேன். அப்போது பேசினால் அழுத்தம் கூடிக் காட்டும். அளவு பார்த்து முடிந்த பின்னும் பட்டையைக் கழற்றாமல் கேட்பேன்: “தூக்கம் எப்படி?”

இப்படித்தான் ஒரு நாள், முப்பத்தெட்டு வயதுத் தறி ஓட்டுபவர் ஒருவர் தலைவலிக்காக வந்தபோது கேட்டேன். காலை பத்து மணிக்கே சாராய வாடை அடித்தது. “நைட் ஷிப்டுங்க, தூக்கமென்ன?” என்றார். அதிகாலையில் விழிப்பு வருவது மனச்சோர்வின் பிரதான லக்ஷணங்களில் ஒன்று. ஆனால் இரவு முழுவதும் தறியோடு நின்றவரிடம் அதைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. பகல் ஷிப்டு வாரத்தில் எப்படி என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, “மூணு மணிக்கே முழிச்சுக்குவனுங்க. அப்புறம் விடியற வரைக்கும் மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடப்பனுங்க” என்றார். அப்போது என்ன யோசனை வரும் என்றேன். “ஒண்ணுமில்லீங்க.”

அந்தச் சொல்லை நோயாளியின் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. வைத்தியனும் ஒன்றுமில்லை என்கிறான். ஆண்மகனும் ஒன்றுமில்லை என்கிறான். இருவர் சொல்லும் ஒன்றோடொன்று இசைந்து போவதால் வியாதி யாருக்கும் தெரியாமல் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அவன் சொல்லும் ஒன்றுமில்லை, தாழ்ப்பாள் போடாமல் சாத்திய கதவு. சற்றுப் பொறுத்தால் திறக்கும். நான் பட்டையை மெல்லக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் நூல் அறுத்துத் தழும்பேறிய தம் வலக்கை விரல்களைப் பார்த்தபடி, “பையனை அடிச்சுப்புட்டனுங்க. சைக்கிள் சாவியத் தொலைச்சதுக்கு. மூக்குல ரத்தம் வந்திருச்சுங்க” என்றார். தலைவலியைப் பற்றி அதன் பின் அவர் பேசவில்லை.

மனச்சோர்வை அளக்க 2001-இல் வெளிவந்த ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று உலகெங்கும் பொது மருத்துவர்களிடம் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களில் காரியங்களில் நாட்டம், மனச்சோர்வு, தூக்கம், அசதி, பசி, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், கவனம், உடலின் மந்தம் அல்லது பரபரப்பு, சாவைப் பற்றிய நினைப்பு ஆகிய ஒன்பதையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை எண் கொடுத்துக் கூட்டினால் உச்ச அளவு 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்தக் கேள்விகளை எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்பேன். ‘வருத்தமாக இருக்கிறதா’ என்றால் ஆண் இல்லையென்பான். ‘முன்னே ஆசையாகச் செய்த காரியம் எது? இப்போது அதற்குப் போகிறீர்களா?’ என்றால் யோசிப்பான். தறிக்காரருக்கு எண் பதினெட்டு வந்தது. முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனை அழைத்துக்கொண்டு காவிரிக்குத் தூண்டில் போடப் போவாராம். தூண்டில் எங்கே இருக்கிறதென்று இப்போது தெரியாது என்றார்.

மனம் என்று தீர்மானிப்பதற்கு முன் உடம்பை நன்றாகப் பரிசோதித்துவிட வேண்டும். நெஞ்சுவலியோடு வரும் நடுவயதுக்காரரை ‘மனக்கலக்கம்’ என்று அனுப்பிவிடுவது, முன் சொன்ன பிழைக்குச் சமமான பிழை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் சர்க்கரையும் மனச்சோர்வைப் போலவே அசதியைக் கொடுக்கும். தைராய்டு மிகுதி பதற்றத்தைப் போலவே படபடப்பைக் கொடுக்கும். இவையெல்லாம் விலகிய பின், சில நிமிஷங்களில் உச்சிக்கு ஏறி, இதோ சாகப் போகிறோம் என்ற பயத்தை எழுப்பித் தானே வடியும் படபடப்பு இன்னதென்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும்: பாம்பைக் கண்டால் உடம்பு ஓடத் தயாராவதுபோல, பாம்பில்லாதபோதும் உடம்பு தயாராகிவிடுகிறது, இதயம் கெடவில்லை, மூச்சை நிதானமாக வெளியே விட்டால் அது தணியும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். இதைச் சொல்லாமல் கடைகளில் கிடைக்கும் தூக்க மாத்திரைக்கு விட்டுவிட்டால், சில வாரங்களில் அந்த மாத்திரையே இன்னொரு வியாதியாகிவிடும். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குமுன் வேறொன்றும் கேட்க வேண்டும்: முன்பு எப்போதாவது, தூக்கமே வேண்டாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரியிறைத்துத் திரிந்த நாட்கள் உண்டா என்று. உண்டென்றால் அவரை மனநல மருத்துவரிடமே அனுப்ப வேண்டும். சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த வெறி மீண்டும் எழக்கூடும்.

குடியைப் பற்றிக் கண்டிக்கும் தொனியில் கேட்டவர்களுக்கு உண்மை கிடைப்பதில்லை. எத்தனை நாள், எவ்வளவு, எப்போது தொடங்கிற்று என்று சர்க்கரை அளவைக் கேட்பதுபோலக் கேட்பேன். தறிக்காரர், “அது உள்ள போனாத்தான் ரெண்டு மணி நேரம் கண்ண மூட முடியுதுங்க” என்றார். தூக்கத்துக்காகக் குடிப்பவரின் தூக்கத்தைக் குடியே அறுக்கிறது என்பதை அவருக்கு விளக்கினேன். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடுமாகையால், மருத்துவர் கண்காணிப்பில் குறைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

பிறகு சாவைப் பற்றிக் கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை மனத்தில் விதைத்துவிடுவோம் என்ற அச்சம் எனக்கும் நெடுங்காலம் இருந்தது. அது ஆதாரமற்ற அச்சம். “இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுதா?” என்று தொடங்கி, செத்துவிடலாம் என்ற நினைப்பு உண்டா, அதற்கு ஏதேனும் ஏற்பாடு மனத்தில் இருக்கிறதா என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். அவர் நெடு மூச்சு விட்டு, “தோணிருக்குதுங்க. பசங்க மூஞ்சியப் பாத்து விட்டுட்டேன்” என்றார். இத்தகையவர் வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்து இருந்தால், அதைப் பூட்டி அப்புறப்படுத்தச் சொல்வது மாத்திரையைவிட முந்திய சிகிச்சை. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995-இல் தடை செய்த பின், பத்தாண்டுகளுக்குள் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. கைக்கு எட்டாத தூரம் ஒன்றே பல உயிர்களுக்கு அந்தக் கொடிய நாழிகையைத் தாண்டப் போதுமானதாயிற்று. முன்பெல்லாம் சாக நினைத்ததைச் சொன்னால் போலீஸ் வரும் என்று ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவர் என்றே கருதி, அவருக்குச் சிகிச்சை அளிக்கும் கடமையை அரசின்மேல் வைத்திருக்கிறது. இப்போது 14416 என்ற எண்ணில் எந்நேரமும், பணம் செலவின்றித் தமிழில் பேசலாம். அந்த எண் வந்த பின், அதைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுக்காமல் இத்தகையவர் யாரையும் நான் அனுப்பியதில்லை.

வியாதிக்குப் பெயர் சொல்வது அடுத்த சங்கடம். எங்கள் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. 1794-இல் ஆரம்பமான பழமையான மனநல ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். ‘மனநோய்’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் ஆண் எழுந்து போய்விடுவான். அவர்களாகவே சொல்லும் பெயர் ‘நரம்புத் தளர்ச்சி’. முதல் நாள் அவர்கள் சொல்லையே நானும் சொல்வேன். இரண்டாம், மூன்றாம் முறை வரும்போது, ‘இதற்கு மனச்சோர்வு என்று பெயர், சர்க்கரையைப் போல இதுவும் ஒரு வியாதி’ என்று எடுத்துச் சொல்வேன். மனநலப் பிரிவு என்று பலகை மாட்டிய நாளில் ஆண்கள் வரவில்லை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் நாளிலேயே அவர்களையும் வரச் சொன்னபோது, அதே வரிசையில் யாருக்கும் தெரியாமல் நின்று வாங்கிப் போனார்கள்.

பெயருக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை எனக்குக் கற்பித்தவர் அந்த ஐந்து சீட்டுகளோடு வந்த அம்மாள். ஒரு வருஷம் கழித்து, நானே அவர் வீடு தேடிப் போனேன். உங்கள் கணவருக்கு இருந்தது மனச்சோர்வு என்ற வியாதி, அதற்கு மருந்து உண்டு, அவர் ஐந்து முறை வந்தும் நான் கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அதுக்குப் பேரு இருக்குதுங்களா?” என்றார். வீட்டு ஆளைக் கோழை என்றும், குடும்பத்தை நட்டாற்றில் விட்டுப் போனவன் என்றும் ஒரு வருஷமாக ஊரார் சொல்லக் கேட்டிருந்த அந்த அம்மாளுக்கு, வியாதியின் பெயர் ஒன்றுதான் நான் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. அதை அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தறிக்காரருக்குக் காலையில் ஒரு ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரை தொடங்கினேன். பத்தாம் நாள் நிறுத்திவிட்டார். வயிற்றைப் புரட்டுகிறது, குணமும் தெரியவில்லை என்றாராம். கிராம சுகாதார செவிலியர் மூலம் அவர் மனைவி சொல்லியனுப்பினார். பிழை என்னுடையது. முதல் வாரத்தில் குமட்டல் வரும், போய்விடும். குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தாம்பத்தியத்தில் சற்றுக் குறை தோன்றலாம், தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விடுவதால் மருந்தை மௌனமாக நிறுத்திய ஆண்கள் அநேகர். மீண்டும் தொடங்கினோம். குணம் கண்ட பிறகும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகவே நிறுத்த வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

மாத்திரையோடு இன்னொரு சிகிச்சையும் கொடுத்தேன்: தூண்டிலைத் தேடி எடுத்து, பிடிக்கிறதோ இல்லையோ, ஞாயிறு தோறும் அரை மணி நேரம் மகனோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். மனம் நாடிய பின் செய்வோம் என்று சோர்வுற்றவன் காத்திருந்தால் மனம் நாடப் போவதேயில்லை. செய்யச் செய்யத்தான் நாட்டம் திரும்புகிறது. இம்முறையைப் பட்டம் பெறாத சாமானியர்களுக்கும் கற்பித்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நல்ல பலன் பெறலாம் என்பதைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்த ஆய்வு 2017-இல் காட்டிற்று. முதல் வாரம், “போனனுங்க, சும்மாதான் உக்காந்திருந்தேன்” என்றார். அதுவே போதும் என்றேன். நாலாம் வாரம், தக்கை அமிழ்ந்ததைப் பையன் முதலில் பார்த்துக் கூவினானாம். ஆறாம் வாரம் சீட்டை நீட்டியபோது, நான் கேட்பதற்கு முன்பே, “சோத்துல உப்பு தெரியுதுங்க” என்றார். என் வாழ்நாளில் இதைவிடச் சிறந்த பரிசோதனை முடிவை நான் எந்தத் தாளிலும் படித்ததில்லை.

அவருடைய முன்பணக் கடனை என் மாத்திரை தீர்க்கவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் குறையவில்லை. வறுமைக்கு மாத்திரை எழுதுகிறீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கடனோடு போராட மனிதனுக்குக் காலையில் எழுந்திருக்கும் சக்தி வேண்டும். அவ்வளவைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் வைத்தியன் இருக்கிறான். மற்றதற்குச் சட்டமும் சங்கமும் சமுதாயமும் விழிக்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, நரை கண்டுவிட்ட அந்தத் தறிக்காரர், பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு ஓர் இளைஞனைத் தோளில் கை போட்டு அழைத்து வந்தார். “நம்ம பட்டறைப் பையனுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். வேற எடத்துல மிசின்ல பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்களாம். நீங்க கொஞ்சம் கேளுங்க” என்றார். நெஞ்சைப் பாருங்கள் என்று சொல்லத்தான் எல்லோரும் வருவார்கள்; அவர் கேளுங்கள் என்றார். அந்த இளைஞனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் எடுத்தேன்.